மாரிகுப்பத்துக்கு ஒரு நிருபர் தேவை

தமிழில் துப்பறிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. தேவனின் சாம்பு வங்கிக் குமாஸ்தா. சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வக்கீல்கள். பத்திரிகைக்காரர்? சட்டென நினைவுக்கு வருபவர் சிவகாசி காமிக்ஸ் தந்த ரிப்போர்ட்டர் ஜானிதான். அவரும் இரவல் சரக்கு: 1955இல் பெல்ஜிய வார இதழில் பிறந்த ரிக் ஓஷே.

ரத்தம் குறைவு, ஊர்வம்பு அதிகம். 'கோஸி மிஸ்டரி' என்ற துப்பறியும் கதை வகை அவ்வளவுதான். டீக்கடை, காவல் நிலையம், கோயில் திருவிழா எனச் சுற்றும் சிற்றூர் நிருபருக்கு அது அத்துப்படி.

களத்துக்கு மாரிகுப்பம் போதுமே! கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் ரயில் பாதை முடியும் ஊர். மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாக இறங்கிய கோலார் தங்கச் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. மிச்சம் சயனைடு மண்மேடுகளும் தொழிலாளர் 'லைன்' வீடுகளும். வீட்டில் தமிழ், பெயர்ப்பலகையில் கன்னடம்.

'கே.ஜி.எஃப்.' சினிமா இங்கே துப்பாக்கிகளைத்தான் பார்த்தது. இந்த ஊரை அறிந்த எழுத்தாளர்கள் யாராவது ஒரு நிருபரை அனுப்பிவையுங்களேன்.