கலாம்சாட்

கலாம்சாட் என்பது தமிழ்நாட்டு மாணவர் குழு ஒன்று உருவாக்கிய, 64 கிராம் நிறையுடைய கனசதுர வடிவ ஆய்வுக்கருவி ஆகும். இது 2017 ஜூன் 22 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள நாசாவின் வாலப்ஸ் ஏவுதளத்திலிருந்து ஏவப்பட்டது. முன்னாள் குடியரசுத் தலைவர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாமின் நினைவாக இதற்குப் பெயரிடப்பட்டது. நுண்ணீர்ப்பு நிலையில் ஒரு பொருளின் இயக்கம் எவ்வாறு அமைகிறது என்பதை மாணவர்களே அளந்தறிய முயன்றதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

உருவாக்கம்

கரூர் மாவட்டம் பள்ளப்பட்டியைச் சேர்ந்த ரிஃபாத் ஷாரூக் தலைமையிலான குழு, சென்னையைச் சேர்ந்த ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பின் துணையுடன் இதனை வடிவமைத்தது. 'கியூப்ஸ் இன் ஸ்பேஸ்' என்னும் மாணவர் போட்டியின் வழியாக இது தேர்வுபெற்றது. கருவி 4 செ.மீ. கனசதுரத்துக்குள் அடங்க வேண்டும் என்பது அப்போட்டியின் விதி. இதன் கூடு கரிம இழை கலந்த பொருளால் முப்பரிமாண அச்சு முறையில் செய்யப்பட்டது. முடுக்கம், சுழற்சி, காந்தப்புலம் ஆகியவற்றை அளக்கும் உணரிகள் உள்ளே பொருத்தப்பட்டிருந்தன.

நுண்ணீர்ப்பு

நுண்ணீர்ப்பு என்பது ஈர்ப்பு இல்லாத நிலை அன்று. 100 கி.மீ. உயரத்திலும் புவியீர்ப்பு முடுக்கம் தரையில் உள்ளதில் ஏறத்தாழ 97 விழுக்காடு இருக்கும். ஏவூர்தியின் எரிபொருள் தீர்ந்தபின், காற்று மிக அரிதான பகுதியில் ஏவூர்தியும் உள்ளிருக்கும் கருவியும் ஒரே முடுக்கத்தில் இயங்குகின்றன. ஒன்றை ஒன்று தாங்குவதில்லை. எனவே எடை உணரப்படுவதில்லை. மேலேறும்போதும் இந்நிலை நீடிக்கும். 70 கி.மீ. தொலைவைத் தடையின்றி விழுந்து கடக்க ஏறத்தாழ 2 நிமிடம் ஆகும். அதே தொலைவு மேலேறவும் அதே நேரம் ஆவதால் மொத்தம் சுமார் 4 நிமிடம் கிடைக்கும்.

சுழற்சியையும் சேர்த்து அளப்பதன் தேவை இங்கே விளங்கும். ஏவூர்தி நொடிக்கு ஒருமுறை சுழல்வதாகக் கொண்டால், அச்சிலிருந்து 10 செ.மீ. தள்ளியுள்ள முடுக்கமானி நொடிக்கு நொடி சுமார் 4 மீட்டர் முடுக்கத்தைக் காட்டும். சுழற்சியின் அளவு தெரிந்தால் மட்டுமே இதனைக் கழித்துப் பார்க்க இயலும்.

செயற்கைக்கோளா?

செய்தி ஊடகங்கள் இதனை 'உலகின் மிகச்சிறிய செயற்கைக்கோள்' என்று குறிப்பிட்டன. ஆயினும் இது புவியைச் சுற்றிவரவில்லை. விண்வெளியின் விளிம்பைத் தொட்டுத் திரும்பும் துணைச்சுற்றுப்பாதைப் பயணத்தையே மேற்கொண்டது. புவியைச் சுற்றுவதற்கு நொடிக்கு ஏறத்தாழ 7.8 கி.மீ. கிடைத்திசை வேகம் தேவை. ஆய்வு ஏவூர்திகள் அவ்வேகத்தை எட்டுவதில்லை. உயரம் மட்டும் ஒரு பொருளைச் செயற்கைக்கோள் ஆக்குவதில்லை என்பதை இவ்வேறுபாடு உணர்த்துகிறது.

பிற வாய்ப்புகள்

நுண்ணீர்ப்பைத் தரையிலும் சிறிது நேரம் உண்டாக்கலாம். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2.5 நொடி நுண்ணீர்ப்பைத் தரும் விழுகோபுரம் உள்ளது. பள்ளி மாணவர்கள் அடியில் துளையிட்ட நெகிழிப் புட்டியில் நீர் நிரப்பிக் கீழே விடலாம். புட்டி விழும் வரை துளையிலிருந்து நீர் ஒழுகுவது நின்றுவிடுவதைக் காணலாம்.

அடுத்த கருவி

ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியாவின் கலாம்சாட் வி2, 2019 ஜனவரி 24 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி44 ஏவூர்தி மூலம் அனுப்பப்பட்டது. சுமார் 1.26 கிலோகிராம் நிறையுடைய இக்கருவி, ஏவூர்தியின் நான்காம் நிலையில் பொருத்தப்பட்டபடியே புவியின் சுற்றுப்பாதையை அடைந்தது.