மாட்டுக் கொட்டகைக்குப் போகும் கரண்ட்

முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் வீட்டிலிருந்து மாட்டுக் கொட்டகைக்குக் கரண்ட் போன வழி எல்லோர் கண்ணிலும் படும். மெயின் போர்டிலிருந்து ஓர் அலுமினிய வயர் கிளம்பும். வேப்பமரக் கிளையில் ஒரு கட்டு, மூங்கில் கழியில் ஒரு கட்டு. நீளம் போதாத இடத்தில் செம்புக் கம்பியை முறுக்கி டேப் சுற்றியிருப்பார்கள். மழைக்காலக் கோளாறு பெரும்பாலும் அந்த முறுக்கில்தான் தொடங்கும். செம்பும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும்.

விளக்கு எரியாவிட்டால் வயர்மேன் டெஸ்ட் லேம்போடு வருவார். ஹோல்டரில் ஒரு குண்டு பல்பு, இரண்டு வயர் முனை, அவ்வளவுதான். டெஸ்டர் எரிந்தும் பல்பு எரியவில்லையா, நியூட்ரல் அறுந்திருக்கிறது. மங்கலாக எரிகிறதா, எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது. நல்ல கைத்திறமை அது. ஆனால் ஃபியூஸ் அடிக்கடி போனால் தடித்த கம்பியைப் போட்டுக் கட்டும் பழக்கமும் அன்று இருந்தது. வயர் சூடேறி, ஓலைக் கொட்டகைகள் எரிந்தன. தரையில் கசியும் சிறு கரண்டை ஃபியூஸ் உணராது. மாட்டின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகம். அதனால் ஈரத் தரையில் மனிதரைவிட மாட்டைத்தான் கரண்ட் எளிதில் தாக்கும். மாடு சுருண்டு விழுந்த பிறகே கசிவு தெரிந்த வீடுகள் உண்டு.

இன்று கேபிள் மண்ணுக்கடியில் குழாய்க்குள் போகிறது. போர்டில் ஆர்சிசிபி இருக்கிறது. ஃபேஸில் போன கரண்டும் நியூட்ரலில் திரும்பியதும் 30 மில்லி ஆம்பியர் வேறுபட்டால், நொடியின் ஒரு சிறு பங்குக்குள் அது துண்டித்துவிடும். உயிர் காக்கும் பொருள். அது விழும்போதெல்லாம் எரிச்சலடைந்து, அதைத் தாண்டி நேராக இணைத்துக்கொள்வதுதான் தடித்த ஃபியூஸ் கம்பியின் இன்றைய வடிவம். அது வேண்டவே வேண்டாம். கொட்டகையில் உள்ள பிளக்குகளையெல்லாம் கழற்றிவிட்டு ஆர்சிசிபியைப் போடுங்கள். நின்றால், ஒவ்வொன்றாக மாட்டுங்கள். எதை மாட்டும்போது விழுகிறதோ அதில்தான் கசிவு. எல்லாம் கழற்றியும் விழுந்தால் கோளாறு கேபிளிலோ கொட்டகை வயரிங்கிலோ இருக்கிறது. எலக்ட்ரீஷியன் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் பிரித்து காப்பு எதிர்ப்பை அளக்கும் மெகர் வைத்துப் பார்க்க வேண்டும். நியூட்ரல் எர்த்தைத் தொட்டாலும் ஆர்சிசிபி விழும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இன்றைய மல்டிமீட்டரில் ஒரு மயக்கம் உண்டு. நூலிழையில் தொங்கும் இணைப்பிலும் அது 230 வோல்ட் காட்டும். தீவனம் வெட்டும் சாஃப் கட்டரைப் போட்டால் மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கும். ஆகவே சுமை ஓடும்போது அளக்க வேண்டும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 50 மீட்டர் தூரத்துக்கு 10 ஆம்பியர் போனால் சுமார் 7 வோல்ட் குறையும், அது இயல்பு. 40 வோல்ட் குறைந்தால் தளர்ந்த முனையைத் தேடுங்கள். பழைய டெஸ்ட் லேம்ப் சுமையோடு சோதித்ததால்தான் ஏமாறவில்லை.

கொட்டகையில் மாடு கட்டுகிறவர்கள் மாதம் ஒருமுறை ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் அன்றே மாற்றிவிடுங்கள்.