உஷார்! முறை இருந்தாலும் ரத்தம் ஒன்றுதான்

தம்பிக்கு அக்கா மகளைப் பேசி வைத்திருக்கிறீர்களா? தட்டு மாற்ற நாள் குறித்தாகிவிட்டதா? அந்த நாளைத் தள்ளிப் போடுங்கள். நல்லம்பள்ளி, அதியமான்கோட்டை, இண்டூர், பாளையம்புதூர், தொப்பூர் என எந்த ஊரில் இருந்து இதைப் படித்தாலும் சரி, கெஞ்சிக் கேட்கிறேன், தள்ளிப் போடுங்கள். மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம் போனால் மறுபடி சம்பாதித்துக்கொள்ளலாம்.

ஒரு பையன் தன் சித்தப்பா மகளைக் கட்டிக்கொள்ளப் போவதாக வீட்டில் சொன்னால் என்ன ஆகும்? வீடு இழவு வீடாகிவிடும். ஒரே குலதெய்வம், ஒரே பங்காளி வகையறா, தங்கச்சி முறை என்று ஊரே காறித் துப்பும். அதே பையன் அக்கா மகளைக் கட்டினால் பந்தல், மேளம், பந்தி. அக்கா கண்ணில் ஆனந்தக் கண்ணீர்.

இனி உடம்புக்குள் இருக்கும் கணக்கைப் பாருங்கள். சித்தப்பா மகளும் நாமும் பகிர்ந்துகொள்ளும் மரபணு சராசரியாக 8இல் 1 பங்கு. அத்தை மகள், மாமன் மகளோடும் அதே 8இல் 1 பங்குதான். ஒரு துளி கூடக் குறைவில்லை. அக்கா மகளோடு 4இல் 1 பங்கு. பாவம் என்று விலக்கிய உறவைவிட, உரிமை என்று கொண்டாடும் உறவு இரண்டு மடங்கு நெருக்கம். அக்கா மகளைக் கட்டலாம், தங்கை மகளைக் கட்டக் கூடாது என்று வைத்திருக்கும் வீடுகளும் பல. மரபணுவுக்கு அக்கா யார், தங்கை யார்?

நெருங்கிய சொந்தத்தில் மணம் கூடாது என்ற தடை ஏதோ ஒரு வடிவில் எல்லாச் சமூகத்திலும் இருக்கிறது. உடன்பிறந்தவர்களுக்குள் மணம் என்பதைப் பழைய எகிப்து அரச வம்சம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர உலகம் முழுவதும் விலக்கி வைத்திருக்கிறது. கூடவே வளர்ந்தவர்கள் மேல் ஆசை பிறப்பதில்லை என்றார் பின்லாந்து அறிஞர் வெஸ்டர்மார்க், 1891இல். பெண்ணை வெளியே கொடுத்தால்தான் ஒரு குடும்பத்துக்கு இன்னொரு குடும்பம் துணையாகும், தடை பிறந்ததே அதற்காகத்தான் என்றார் பிரான்சின் லெவி ஸ்ட்ராஸ், 1949இல். இருவர் சொன்னதிலும் உண்மை உண்டு. ஆனால் கோட்டை எங்கே கிழிப்பது என்பதில்தான் ஊருக்கு ஊர், மதத்துக்கு மதம் வித்தியாசம். அடுத்த தெரு முஸ்லிம் வீட்டில் சித்தப்பா மகளைக் கட்டலாம். அக்கா மகளைக் கட்டுவது ஹராம். வட இந்திய இந்துக்களில் பெரும்பாலோர் மாமன் மகளைக் கட்டுவதைக் கேட்டாலே முகம் சுளிப்பார்கள். சீனா 1980இல் கொண்டுவந்த திருமணச் சட்டம் அத்தை, மாமன், சித்தப்பா, சித்தி பிள்ளைகள் எல்லோரையும் ஒரே அடியாக விலக்கிவிட்டது.

நம் சட்டம் என்ன சொல்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் தடுக்கும் உறவுகளின் பட்டியலில் தாய்மாமனும் அக்கா மகளும் இருக்கிறார்கள். அத்தை மகனும் மாமன் மகளும் இருக்கிறார்கள். வழக்கம் அனுமதித்தால் செல்லும் என்ற ஒரு விதிவிலக்கு இருப்பதால்தான் நம் கல்யாணங்கள் நிற்கின்றன. நீதிமன்றத்தில் அந்த வழக்கம் தாங்கும். மரபணுவுக்கு விதிவிலக்குப் பிரிவு கிடையாது.

நம் ஒவ்வொருவர் உடம்பிலும் சில பழுதான மரபணுக்கள் சத்தம் போடாமல் இருக்கின்றன. பெரும்பாலான மரபணுக்கள் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாக வருகின்றன. ஒன்று பழுதானாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். அதனால் பழுதைச் சுமப்பவருக்குத் தலைவலி கூட வராது. அதே பழுது அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பிள்ளைக்கு வந்து சேரும்போதுதான் நோய்.

ஒரு தாத்தாவிடம் தலசீமியா என்ற ரத்த நோயின் மரபணு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது மகனுக்கு வர வாய்ப்பு பாதி. மகளுக்கும் பாதி, மகள் வயிற்றுப் பேத்திக்குக் கால். அந்த மகனுக்கும் அந்தப் பேத்திக்கும் முடிச்சுப் போட்டால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 32இல் 1 வாய்ப்பு. நம் நாட்டில் 100 பேரில் 3, 4 பேர் இந்த மரபணுவைச் சுமக்கிறார்கள். அந்தக் கணக்கில், அதே மகன் வெளியில் பெண் எடுத்தால் வாய்ப்பு ஏறக்குறைய 200இல் 1 ஆகக் குறைகிறது. நோய் எவ்வளவு அரிதோ, இந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள தூரம் அவ்வளவு கூடும். அம்மாவும் சொந்தத்தில் கட்டியவள், பாட்டியும் சொந்தத்தில் கட்டியவள் என்றால் ஆபத்து தலைமுறைக்குத் தலைமுறை ஏறும்.

தலசீமியா வந்த குழந்தைக்கு இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றிய ரத்தத்தால் உடம்பில் சேரும் இரும்புச்சத்து இதயத்தையும் ஈரலையும் அரிக்கும். அதை வெளியேற்ற வேறு மருந்து. பிறவிக் காது கேளாமை, கண் விழித்திரை சிதைவு, பிறந்த சில நாட்களில் வலிப்பும் மயக்கமுமாக வரும் வளர்சிதை மாற்றக் கோளாறுகள், தசை இளைக்கும் நோய் எனப் பட்டியல் நீளும். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளும் வாய் பேசாமல் இருக்க, எந்தச் சாமி குற்றமோ என்று கோயில் கோயிலாக அலையும் பெற்றோரை உங்கள் ஊரிலும் பார்த்திருப்பீர்கள். சாமி என்ன செய்தது?

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் 11,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறப்பிலிருந்து கவனித்து 2013இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பொதுவாக 100 குழந்தைகளில் 3 பேருக்குப் பிறவிக் குறைபாடு. பெற்றோர் ஒன்றுவிட்ட சகோதர உறவினர் என்றால் 6 பேருக்கு. இது 8இல் 1 பங்கு உறவின் கணக்கு. அக்கா மகள் கல்யாணம் அதைவிட ஒரு படி நெருக்கம்.

"எங்க தாத்தா அக்கா மகளைத்தான் கட்டினாரு, ஏழு புள்ளையும் கல்லு மாதிரி இருக்காங்க" என்று மார் தட்டுகிறவர்கள் உண்டு. சொந்தத்தில் கட்டினாலும் பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகத்தான் பிறப்பார்கள். அந்தப் பெரும்பாலோரில் உங்கள் வீட்டு ஏழு பேரும் சேர்த்தி. மகிழ்ச்சி. ஆனால் பாட்டியிடம் தனியாகக் கேளுங்கள். தங்காமல் போன பிள்ளைகள் எத்தனை? 1970களின் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூறு பேருக்கும் மேல் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். யார் எதனால் போனார்கள் என்று எவரும் கேட்கவில்லை. 2020இல் அந்த எண் 13. காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் குறைந்தபின் மரபணு நோய்கள்தான் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்திருக்கின்றன.

அரச குடும்பங்களும் தப்பவில்லை. ஸ்பெயின் மன்னர் நான்காம் பிலிப் 1649இல் தன் தங்கை மகளையே மணந்தார். அதற்கு முன்பே பல தலைமுறைகளாக அந்த வம்சம் சொத்தும் நாடும் வெளியே போகக் கூடாது என்று தனக்குள்ளேயே பெண் கொடுத்து, எடுத்து வந்தது. 1661இல் பிறந்த மகன் இரண்டாம் சார்லஸுக்குப் பேச்சும் நடையும் தாமதம், வாழ்நாள் முழுக்க நோய், குழந்தை இல்லை. 1700இல் அவர் இறந்ததும் வம்சம் அங்கே அறுந்தது. காத்து வைத்த நாட்டுக்காக ஐரோப்பா பத்து ஆண்டுகளுக்கு மேல் போர் நடத்தியது. நாம் காத்து வைப்பது இரண்டு ஏக்கர் மேட்டு நிலம்.

நல்லம்பள்ளி ஆட்டுச் சந்தைக்கு வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். பட்டியில் பிறந்த கிடாவையே அதே பட்டிக்குப் பொலிகிடாவாக விட்டால் குட்டி நோஞ்சானாகும் என்று சொல்லி, வேறு பட்டியிலிருந்து கிடா பிடிப்பார்கள். ஆட்டுக்குக் காட்டும் கவனம் பேரப்பிள்ளைக்கு வேண்டாமா?

ஆபத்தான மூன்று நம்பிக்கைகள் நம் பக்கம் உலவுகின்றன. முதலாவது, "ரெண்டு பேருக்கும் பிளட் குரூப் வேற, அதனால பயமில்லை." ஏ, பி, ஓ வகைக்கும் மறைந்திருக்கும் நோய் மரபணுவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நெகட்டிவ் வகைப் பெண்ணுக்குப் போடும் ஊசி வேறொரு பிரச்சினைக்கானது. இரண்டாவது, "ஸ்கேன்ல எல்லாம் நார்மல்." ஐந்தாம் மாத ஸ்கேன் இதய ஓட்டையையும் முதுகெலும்புப் பிளவையும் காட்டலாம், தலசீமியாவையும் காது கேளாமையையும் காட்டாது. மூன்றாவது, பத்துப் பொருத்தமும் இருக்கிறது என்பது. அதற்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இதெல்லாம் எங்கோ நடக்கிற சங்கதி என்று நினைக்க வேண்டாம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 28 சதவீதம் பேர் ரத்த சொந்தத்தில் கட்டிக்கொடுக்கப்பட்டவர்கள். நாடு முழுவதற்கும் சேர்த்து 11 சதவீதம். அந்த ஆய்வில் முதலிடம் நமக்குத்தான்.

ஏன் கொடுக்கிறார்கள் என்பதும் புரிகிறது. வரதட்சணை தொல்லை குறையும், மாமியார் கொடுமை இருக்காது, பிள்ளை கண் முன்னாலேயே இருக்கும். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போகும் அப்பன், ஆத்தாளுக்கு இது பெரிய நிம்மதி. அந்தக் கவலையை நான் குறைத்துப் பேச மாட்டேன். பொறுக்க முடியாதது, "வெளிய எவனையாவது இழுத்துக்கிட்டுப் போயிடுவா" என்ற பயத்தில் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பெண்ணை அவசர அவசரமாக மாமன் கையில் பிடித்துக் கொடுப்பது. தூக்கி வளர்த்தவன், தோளில் உட்காரவைத்துத் திருவிழா காட்டியவன். அவனைப் புருஷனாக நினைக்க முடியவில்லை என்று அந்தப் பெண் அழுதால், அந்த அழுகையைக் கேளுங்கள். 18 வயது ஆகவில்லை என்றால் அது குழந்தைத் திருமணம், குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098க்கு யார் வேண்டுமானாலும் தகவல் சொல்லலாம்.

எவ்வளவு சொல்லியும் சொந்தத்தில்தான் முடிப்போம் என்றால், நிச்சயத்துக்கு முன் மாப்பிள்ளை, பெண் இருவருக்கும் தலசீமியாவுக்கான ஹெச்.பி.எல்.சி. ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். குடும்பத்தில் காது கேளாத, பார்வை மங்கிய, வளர்ச்சி குன்றிய, காரணம் தெரியாமல் இறந்த பிள்ளைகள் யார் யார் என்று மூன்று தலைமுறைக்கு எழுதி எடுத்துக்கொண்டு, மரபணு ஆலோசனை தரும் மருத்துவரைப் பாருங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: பரிசோதனை சில நோய்களைத்தான் காட்டும். எல்லாம் சரியாக வந்தாலும் முழு உத்தரவாதம் கிடையாது.

ஏற்கெனவே சொந்தத்தில் கட்டி, இப்போது கர்ப்பமாக இருக்கும் தங்கச்சிகளே, உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் வாங்கப் போகும் அன்றே செவிலியரிடம் "சொந்தத்துல கட்டியிருக்கேன்" என்று சொல்லிவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. முதல் மூன்று மாதத்துக்குள் தெரிந்தால்தான் தலசீமியா போன்றவற்றைக் கருவிலேயே பார்க்க நேரம் இருக்கும். குழந்தை பிறந்ததும் காது கேட்கிறதா என்ற பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். கேட்கவில்லை என்று சீக்கிரம் தெரிந்தால், சின்ன வயதிலேயே காக்ளியர் கருவி பொருத்தி, பேச்சுப் பயிற்சியும் கொடுத்தால் பிள்ளை பேசும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அந்த அறுவை சிகிச்சைக்கு வழி இருக்கிறது. "வளர்ந்தா சரியாப் போயிடும்" என்று யார் சொன்னாலும் நம்பிக் காத்திருக்காதீர்கள்.