பெட்ரோல் பங்க் குளோபுக்கு லைட் போட்ட ஷெல்ஃப்: 12 ஆயிரத்துல முடியும், ஆனா முதல்ல எதை வாங்கறது?

பிஎஃப், மியூச்சுவல் ஃபண்ட், டேர்ம் இன்சூரன்ஸ்னு பேசற இடத்துல இன்னைக்கு பிளைவுட், ஆணி, எல்இடி பட்டின்னு பேசப் போறோம். முண்டியம்பாக்கத்துல வாடகை வீட்டுல இருந்துக்கிட்டு விழுப்புரத்துக்கு வேலைக்குப் போற ஒரு தம்பி அனுப்பின கேள்விதான் காரணம். கைக்கு வர்ற சம்பளம் 27,000 ரூபாய். இந்த வருஷம் போனஸ் 45,000 வந்திருக்கு. சேமிப்புக் கணக்குல 20,000 கிடக்கு. அவரோட தாத்தா ஜிஎஸ்டி ரோட்டுல ஒரு பெட்ரோல் பங்க்ல வேலை பாத்தவர். ஊர் வீட்டுப் பரணை ஒழிக்கும்போது பழைய பம்ப் தலையில இருந்த ஒரு கண்ணாடி குளோபும், ஒரு பர்மா ஷெல் எனாமல் போர்டும் கிடைச்சிருக்கு. இன்னும் ரெண்டு குளோபை, ஒண்ணு 18,000 ரூபாய்னு, கிரெடிட் கார்டு இஎம்ஐல வாங்கி, எல்லாத்தையும் லைட் போட்ட ஷெல்ஃப்ல வைக்கணும்னு ஆசைப்படறார். "இது செலவாண்ணா, முதலீடாண்ணா?"ன்னு கேக்கறார்.

செலவுதான் தம்பி. ஆனா ஷெல்ஃப் நல்ல செலவு, தாராளமா பண்ணுங்க. அந்த ரெண்டு குளோப் மட்டும் இப்ப வேணாம். ஏன்னு கணக்கோட சொல்றேன்.

இந்தக் கண்ணாடி குண்டுக்கு ஏன் இவ்ளோ மதிப்பு?

இப்ப பங்க்ல பெரிய போர்டு, கூரை முழுக்க லைட்டு. அந்தக் காலத்துல ராத்திரியில வண்டி ஓட்டறவனுக்கு தூரத்துலேர்ந்து தெரியறதுக்காக பம்ப் மேலயே ஒரு பால் வெள்ளைக் கண்ணாடி குண்டை வச்சு, உள்ள பல்பு எரிய விடுவாங்க. அதுல கம்பெனி முத்திரை இருக்கும். அமெரிக்காவுலயும் இங்கிலாந்துலயும் இதைச் சேர்க்கறதுக்குன்னே பெரிய கூட்டம் உண்டு.

நம்ம ஊர்ல கதை கொஞ்சம் வேற. பர்மா ஷெல் 1928-ல ஆரம்பிச்ச கம்பெனி. 1974-ல எஸ்ஸோவை அரசு எடுத்து இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆச்சு. 1976-ல பர்மா ஷெல்லும் அரசுக்கு வந்து, 1977-ல பாரத் பெட்ரோலியம்னு பேர் மாறிச்சு. கால்டெக்ஸும் அதே காலகட்டத்துல அரசு கைக்கு வந்து இந்துஸ்தான் பெட்ரோலியத்தோட சேர்ந்துச்சு. பேர் மாறினா பழைய போர்டுக்கு என்ன வேலை? கழட்டினது காயலான் கடைக்கோ, யாரோ ஒருத்தர் வீட்டுப் பரணுக்கோதான் போகும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல பழம்பொருள் கடைகள் வரிசையா இருக்கு பாருங்க, அந்த மாதிரி இடங்கள்ல செட்டிநாட்டு எனாமல் தூக்கு, பழைய விளம்பரத் தகடுகளுக்கு நடுவுல இதெல்லாம் எப்பவாவது தலைகாட்டும்.

இந்த வருஷங்களை மனசுல வச்சுக்கங்க, காசு மிச்சமாகும். "1960-ல வந்த ஒரிஜினல்"னு சொல்லி பாரத் பெட்ரோலியம்னு பேர் எழுதின போர்டை நீட்டினா, அப்படியே நகர்ந்துடுங்க. அந்தப் பேரே அப்ப கிடையாது. எனாமல் போர்டுல இன்னொரு சோதனை: விரலால தடவினா ஒரு கலர் முடிஞ்சு இன்னொரு கலர் ஆரம்பிக்கற இடத்துல லேசா மேடு தட்டும். அடிபட்ட இடத்துல பெயின்ட் மாதிரி உரியாது, கண்ணாடிச் சில்லு மாதிரி தெறிச்சிருக்கும்.

மரவேலை: ஒரே ஒரு ஷீட்

குளோப் பொதுவா 16 அங்குலம் விட்டம், கண்ணாடி உடம்பா இருந்தா அஞ்சாறு கிலோ வரும். வீட்டுல இருக்கறதை முதல்ல தராசுல வச்சுப் பாத்துடுங்க. இதுக்கு ஏத்த மாதிரி 4 அடி அகலம், 4 அடி உயரம், 1 அடி ஆழத்துல, நாலு கட்டம் வச்ச ஒரு அலமாரி போதும். கட்டத்துக்கு ஒரு குளோப்.

8-க்கு 4 அடி, 18 மி.மீ. பிளைவுட் ஷீட் ஒண்ணை நீளவாக்குல நாலு பட்டையா அறுத்து, ஒவ்வொரு பட்டையையும் ரெண்டா வெட்டினா 4 அடிக்கு 1 அடின்னு எட்டுப் பலகை கிடைக்கும். மேல், நடு, கீழ் மூணு. பக்கவாட்டு ரெண்டு. ஒரு பலகையைப் பாதியாக்கி நடுத்தடுப்பு. மீதி ரெண்டு பலகையை அடிப்பீடத்துக்கு வச்சுக்கங்க. ரம்பம் ஒவ்வொரு அறுப்புக்கும் 3 மி.மீ. தின்னுடும், அதனால ஆழம் 12 அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவாத்தான் வரும். குளோபுக்கு அது தாராளம்.

நடுத்தடுப்பு அழகுக்கு இல்ல. பலகையோட தாங்கு நீளம் பாதியானா, நடுவுல வைக்கற அதே எடைக்குத் தொய்வு எட்டுல ஒரு பங்காயிடும். 4 அடிப் பலகையை வெறுமனே விட்டுட்டு ரெண்டு குளோபை ஏத்தினா, மூணு வருஷத்துல பலகை வாழை மட்டை மாதிரி வளையும். உருண்டைப் பொருள் சரிவுல என்ன பண்ணும்னு நான் சொல்லணுமா? குளோபோட கழுத்து உக்கார ஒரு மர வளையம் செஞ்சு, அடியில ரப்பர் ஒட்டிடுங்க.

முதுகுக்கு 6 மி.மீ. பிளைவுட் கட்டாயம் அடிங்க. "பின்பக்கம் யார் பாக்கப் போறா"ன்னு ஆசாரி சொன்னாலும் விடாதீங்க. அது இல்லேன்னா முழு அலமாரியும் பக்கவாட்டுல ஆடும்.

மரைன் பிளைவுட்டா, சாதாரண கமர்ஷியலான்னு கேட்டா, நம்ம பக்கம் மரைன்தான். 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் கரை கடந்தப்ப மயிலத்துல ஒரே நாள்ல 50 செ.மீ.க்கு மேல மழை. விழுப்புரம் மாவட்டத்துல எத்தனை வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். கமர்ஷியல் பிளைவுட் ஒரு தடவை ஊறினா அப்பளம் மாதிரி பிரியும். அடிப்பீடத்தை உயரமா வைக்கச் சொல்றதும், லைட் அடாப்டரைத் தரையில போடாதீங்கன்னு சொல்றதும் இதனாலதான்.

வாடகை வீடுங்கறதால சுவர்ல தொங்கவிடற ஷெல்ஃப் வேண்டாம். தரையில நிக்கற அலமாரி, மேல மட்டும் ரெண்டு எல் கிளாம்ப் போட்டு சுவரோட பிடிச்சாப் போதும். ரெண்டே ஓட்டை. வீட்டு ஓனர்கிட்ட முன்கூட்டியே வாட்ஸ்அப்ல சொல்லி, பதிலை வச்சுக்கங்க. காலி பண்ணும்போது "சுவரைக் கெடுத்துட்டீங்க"ன்னு அட்வான்ஸ்ல பிடிக்கற காசு, சில சமயம் ஷெல்ஃப் விலைக்கே வந்து நிக்கும். சுவர் லேசான ஏஏசி பிளாக்கா இருந்தா சாதாரண பிளாஸ்டிக் பிளக் பிடிக்காது, அதுக்குன்னு தனி ஆங்கர் கேட்டு வாங்கணும்.

லைட்டுலதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க

குளோப் உள்ளேர்ந்து எரியறதுக்குன்னே செஞ்ச பொருள். பால் கண்ணாடி ஒளியைத் தானே பரப்பிக் கொடுக்கும். அதை மேலேர்ந்து ஸ்பாட் லைட் அடிச்சு காட்டறது, அகல் விளக்கை டார்ச் அடிச்சு பாக்கற மாதிரி. உள்ள ஒரு ஹோல்டர், 3 அல்லது 4 வாட் வார்ம் வொயிட் எல்இடி. வழக்கமான எல்இடி பல்புல கீழ்ப்பாதி வெள்ளை பிளாஸ்டிக் உடம்பு, வெளிச்சம் மேல்பக்கமா மட்டும் போகும். குளோபோட அடிப்பகுதி இருட்டா இருக்கும். ஃபிலமென்ட் எல்இடின்னு கேட்டு வாங்குங்க, சுத்திவர வெளிச்சம் தரும். பழைய 40 வாட் குண்டு பல்பைப் போட்டுடாதீங்க. மூடின கண்ணாடிக்குள்ள அந்தச் சூடு தேங்கி, முத்திரையோட வண்ணத்தைக் கெடுக்கும், பழைய கண்ணாடியில கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தா அதையும் பெருசாக்கும். ஜன்னல் வெயில் நேரா படற சுவரும் வேண்டாம்.

எல்இடி பட்டி எனாமல் போர்டுக்கும் கட்டத்தோட பின்சுவருக்கும்தான். அதைக் கட்டத்தோட முன் விளிம்புக்கு உள்பக்கம், அலுமினிய சேனல்ல, பால் நிற மூடி போட்டு, பின்னாடி பாத்தமாதிரி ஒட்டுங்க. நடுவுல ஒட்டினா குளோப் மேல புள்ளிப் புள்ளியா பிரதிபலிக்கும், சீரியல் செட் மாட்டின கல்யாண வீடு மாதிரி இருக்கும்.

கட்டத்துக்கு 2 அடி, அதாவது 0.6 மீட்டர். நாலு கட்டத்துக்கு 2.4 மீட்டர். மீட்டருக்கு 9.6 வாட் இழுக்கற 12 வோல்ட் பட்டின்னா மொத்தம் 23 வாட், ரெண்டு ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. அடாப்டர் 3 ஆம்பியர் வாங்குங்க. மொத்த சக்தியையும் பிழிஞ்சு ஓட்டினா சீக்கிரம் போயிடும். நாலு பல்பு 12 வாட்டையும் சேர்த்தா 35 வாட். தினம் 4 மணி நேரம் எரிஞ்சா மாசம் 4.2 யூனிட். வீட்டு ஓனர் யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்கினாலும் 34 ரூபாய்க்குள்ளதான்.

ஒரு சின்ன எச்சரிக்கை. சொந்த மீட்டர் இருக்கறவங்களுக்கு ரெண்டு மாசத்துக்கு 8.4 யூனிட் கூடும். ஏற்கெனவே 495 யூனிட்ல நிக்கற வீடுன்னா 500-ஐத் தாண்டிடுவீங்க. தாண்டினா கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் ரேட் ஏறாது. 101-லேர்ந்து 200 யூனிட் வரைக்கும் கிடைச்சிட்டிருந்த குறைஞ்ச ரேட்டும் சேர்ந்து போயிடும். பில்லை எடுத்துப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

இப்ப ரூபாய் கணக்கு

விலை கடைக்குக் கடை மாறும், நான் போடறது ஒரு உத்தேசம். 32 சதுர அடி பிளைவுட், அடி 110-ன்னா 3,520. முதுகுப் பலகை 16 சதுர அடி, அடி 55-ன்னா 880. ஆசாரிக்கு ரெண்டு நாள் கூலி 2,400. ஆணி, பசை, விளிம்புப் பட்டை, பெயின்ட் 1,800. மரக் கணக்கு 8,600. லைட் பக்கம்: எல்இடி பட்டி 600, அலுமினிய சேனல் 600, அடாப்டர் 500, நாலு பல்பு 800, ஹோல்டர், ஒயர், சுவிட்ச் 500, ஆக 3,000. கிளாம்ப் ஆங்கர் 200. கூட்டினா 11,800.

45,000 போனஸ்ல 11,800 போனா மீதி 33,200. சேமிப்புல இருக்கற 20,000-ஐச் சேர்த்தா 53,200. தம்பியோட மாசச் செலவு 19,000, மூணு மாச அவசர நிதி 57,000. வெறும் 3,800 தான் இடிக்குது. மாசம் 8,000 மிச்சம் பிடிக்கறவர், அடுத்த சம்பளத்துலயே அது நிரம்பிடும்.

அதே தம்பி ரெண்டு குளோபையும் கார்டுல போட்டா? 36,000. இஎம்ஐயா மாத்தினாலும் ப்ராசஸிங் ஃபீ, வட்டிக்கு ஜிஎஸ்டி உண்டு. "நோ காஸ்ட்"னு எழுதியிருந்தாலும் ஜிஎஸ்டி வரியைப் படிங்க. ஒரு மாசம் தட்டிப்போய் மினிமம் மட்டும் கட்டினீங்கன்னா, மாசம் 3.5% வட்டின்னு வச்சாலும் ஒரு குளோபுக்கே, அந்த 18,000-க்கே, 630 ரூபாய் வட்டி, அதுக்கு 113 ரூபாய் ஜிஎஸ்டி. அதுவும் அவசர நிதி பாதியில நிக்கும்போது.

"விலை ஏறும்ல அண்ணா?" ஏறலாம். ஆனா தங்கத்துக்கு மாதிரி இன்னைக்கு இதுதான் ரேட்னு யாரும் சொல்ல முடியாது. விக்கணும்னா வாங்கற ஆளை நீங்கதான் தேடணும், கடைக்காரர் எடுத்தா அவர் லாபத்தைக் கழிச்சுட்டுத்தான் கொடுப்பார். கீழ விழுந்தா மதிப்பு பூஜ்யம். வெளிநாட்டுலேர்ந்து வரவழைச்சா கஸ்டம்ஸ் டியூட்டியும் ஐஜிஎஸ்டியும் பொருள் விலை மேல மட்டுமில்ல, அனுப்பற செலவையும் சேர்த்த மதிப்பு மேல வரும். அஞ்சாறு கிலோ கண்ணாடிக்கு அனுப்பற செலவு எவ்ளோ இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

இன்சூரன்ஸ் பத்தி ஒரு வார்த்தை. பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியை வாடகைக்கு இருக்கறவங்களும் வீட்டுப் பொருளுக்கு மட்டும் எடுக்கலாம். தீ, வெள்ளம், புயலுக்கு அது உதவும். ஆனா மதிப்புள்ள கலைப்பொருளுக்குத் தனியா மதிப்பு ஒத்துக்கிட்டு சேர்க்கணும். நீங்களே கை தவறிப் போட்டு உடைச்சா அதுல வராது.

சரி, அடுத்த குளோப் எப்ப? நம்ம வீட்டு கொலுவைப் பாருங்க. முதல் வருஷமே ஒன்பது படியும் நிரப்பணும்னு யாரும் பண்ருட்டிக்கு லாரி அனுப்பறதில்ல. வருஷத்துக்கு ஒரு புது பொம்மை, மீதி பாட்டி காலத்து மரப்பாச்சி. மாசம் 1,500 ஆர்டி போட்டா 12 மாசத்துல 18,000, மேல கொஞ்சம் வட்டி. நவராத்திரிக்கு ஒண்ணு. ரெண்டாவது நவராத்திரிக்குள்ள தம்பியோட விருப்பப் பட்டியலே மாறியிருக்கும்னு எனக்கு ஒரு சந்தேகம், அது வேற விஷயம்.

இப்போதைக்கு கீழ் வரிசையில நடுத்தடுப்பை அடிச்சு, ஒரு கட்டத்துல தாத்தாவோட குளோப். மேல் வரிசைத் தடுப்பை இப்ப அடிக்காம எடுத்து வச்சா, 4 அடி அகலம் முழுசா கிடைக்கும், எனாமல் போர்டு படுத்தவாக்குல சாஞ்சு நிக்கும். அதுக்கு முன்னாடி போர்டை அளந்துடுங்க; உயரம் 22 அங்குலத்துக்கு மேல இருந்தா உள்ள நுழையாது, மேல் பலகை மேலதான் வைக்கணும். ஷீட்டை எப்படி அறுக்கறதுன்னு கோடு போட்ட படத்தை இந்த வார வீடியோவுல காட்டியிருக்கேன், அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஆசாரிகிட்ட கொடுத்துடுங்க.