இணைய விளையாட்டில் செத்தால் என்ன ஆகும்?



‘இணைய விளையாட்டு’ என்று கட்டுரைத் தலைப்பு கொடுத்தால் வருகிற கருத்துகள் நமக்கு மனப்பாடம். நேரம் வீணாகும், கண் கெடும், படிப்பு கெடும். தப்பில்லை. ஆனால் எந்த விளையாட்டு, எப்படி நேரத்தை எடுக்கிறது என்று ஒரு வரிகூட இருக்காது. ராத்திரி பூரா விளையாடுகிற பையன் எழுதினாலும் இதே கதைதான்! அதனால் இந்த முறை இரண்டு விளையாட்டுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டும் அமெரிக்காவில் உருவானவை. ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகத்துக்குள் நுழைந்து, ஆளுக்கொரு கதாபாத்திரத்தை வளர்ப்பார்கள். இரண்டிடமும் ஒரே கேள்வியைக் கேட்போம்: உங்கள் கதாபாத்திரம் செத்தால் என்ன ஆகும்?

முதலாவது எவர்குவெஸ்ட். 1999 மார்ச்சில் வெளிவந்தது. ஆரம்ப காலத்தில் இதில் செத்தால் வேறோர் இடத்தில் வெறுங்கையோடு எழுந்திருப்பீர்கள். வாள், கவசம், பை எல்லாம் செத்த இடத்தில், உங்கள் பிணத்தோடு கிடக்கும். சேர்த்த அனுபவப் புள்ளியில் ஒரு பங்கு போய்விடும். சில சமயம் ஒரு லெவலே இறங்கிவிடும். உங்களைக் கொன்ற பூதமோ அங்கேயே உலாத்திக்கொண்டிருக்கும். ஆயுதம் இல்லாமல் அங்கே போய்ப் பிணத்தைத் தேடி எடுக்க வேண்டும். காலக்கெடுவுக்குள் எடுக்காவிட்டால் பிணம் மறையும், பொருளும் போச்சு.

மற்ற வேலைகளும் இப்படித்தான். ஆரம்பத்தில் விளையாட்டுக்குள் வரைபடமே கிடையாது. கண்டம் விட்டுக் கண்டம் போகக் கப்பல் வரும்வரை துறையில் நிற்கணும். மந்திரவாதி ஒரு சண்டை முடிந்ததும் உட்கார்ந்து சக்தி ஊறும்வரை காத்திருக்கணும். தொடக்க லெவல்களில் அந்த நேரம் முழுக்கத் திரையை மந்திரப் புத்தகம் மறைத்துக்கொள்ளும். சுற்றி என்ன வருகிறது என்றுகூடத் தெரியாது!

இதை எதற்காக மனிதர்கள் பணம் கட்டி விளையாடினார்கள்? காரணம் அந்தக் காத்திருப்புக்குள்ளேயே இருக்கிறது. சக்தி ஊறும் நேரத்தில் குழுவில் உள்ளவர்கள் பேசிக்கொண்டார்கள். பிணத்தை இழுத்துவர நண்பனுக்கு அனுமதி கொடுக்கலாம். ஒரு மதகுருவால் உங்களை உயிர்ப்பித்து, இழந்த புள்ளியில் பெரும்பகுதியை மீட்டுத்தர முடியும். ஆக, அந்நியர் உதவி இல்லாமல் அங்கே பிழைப்பு நடக்காது. பொருளைச் சுருட்டிக்கொண்டு ஓடியவன் பெயர் அந்தச் சர்வர் முழுக்கப் பரவும், அப்புறம் யாரும் அவனைக் குழுவில் சேர்க்க மாட்டார்கள். கம்பத்து வாழ்க்கை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஆனால் இதற்கு மணிக்கணக்கில் நேரம் வேண்டும். நாளைக்குச் சோதனை இருக்கிறது, அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறார் என்று பாதியில் எழுந்து போக முடியாது. போனால் குழுவே அகப்பட்டுக்கொள்ளும். வேலைக்குப் போகிறவருக்கும் பிள்ளை வைத்திருப்பவருக்கும் இது ஒத்துவராது. அந்தக் கொடுமையை மறைத்துவிட்டு ‘அந்தக் காலம் பொற்காலம்’ என்று சிலர் பேசுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

இரண்டாவது வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், 2004 நவம்பரில் பிளிசார்ட் நிறுவனம் வெளியிட்டது. இதில் செத்தால் ஆவியாக ஓடி உடலை அடைந்து எழுந்துகொள்ளலாம். அனுபவப் புள்ளி குறையாது. ஆயுதம், கவசம் கொஞ்சம் தேயும், காசு கொடுத்துச் சரிசெய்தால் போதும். அரை மணி நேரம் கிடைத்தாலும் தனியாக ஒரு வேலையை முடித்துவிட்டுப் போகலாம். எவர்குவெஸ்டின் சந்தாதாரர்கள் உச்சத்தில் 4 லட்சத்துக்குச் சற்று மேல். இதற்கோ 2010இல் 12 மில்லியன்!

இங்கே மொழியாசிரியர்கள் விரும்பும் ஒரு செய்தி இருக்கிறது. வெளியீட்டுக்கு முந்திய சோதனைக் காலத்தில், நெடுநேரம் விளையாடினால் கிடைக்கும் புள்ளி 100 விழுக்காட்டிலிருந்து 50ஆகக் குறையும்படி வைத்திருந்தார்கள். ‘தண்டிக்கிறீர்களே’ என்று ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். உடனே கணக்கைத் திருப்பிப் போட்டார்கள். ஓய்வெடுத்து வந்தால் 200, அது தீர்ந்ததும் வழக்கமான 100. லெவலுக்குத் தேவையான புள்ளியையும் அதற்கேற்ப உயர்த்தியதால் வேகம் பழையபடிதான். அதே சோற்றை வேறு தட்டில் வைத்தார்கள், எல்லாரும் மகிழ்ச்சியாகச் சாப்பிட்டார்கள். விடுதியில் கதாபாத்திரத்தை நிறுத்திவிட்டு 8 மணி நேரம் வெளியே இருந்தால், ஒரு லெவலில் 5 விழுக்காட்டுக்கான ஓய்வுப் பரிசு சேரும். போய்த் தூங்கு, படி என்று விளையாட்டே சொல்கிற மாதிரிதானே?

முழுக்க அப்படிச் சொல்லிவிடவும் முடியாது. பிற்பாடு தினப்பணிகள் வந்தன. இன்று செய்யாவிட்டால் இன்றைய பரிசு போச்சு. பழைய விளையாட்டு ஒரே மூச்சில் ஆறு மணி நேரம் கேட்டது. புதியது அரை மணி நேரம்தான் கேட்கிறது, ஆனால் தினமும் கேட்கிறது. 2009 டிசம்பரில் குழுவைத் தானாகவே சேர்த்துவிடும் வசதியும் வந்தது. பொத்தானை அழுத்தினால் வெவ்வேறு சர்வரிலிருந்து ஐந்து பேர் ஒன்றுசேர்வார்கள், ‘ஹாய்’கூடச் சொல்லாமல் சண்டையை முடித்துப் பிரிந்துவிடுவார்கள். மறுபடி பார்க்கப் போவதில்லை, நல்ல பேர் எதற்கு? என் கணக்கில் உண்மையான இழப்பு இதுதான், தண்டனை குறைந்தது அல்ல.

ஆட்டக்காரர்களே அதை உணர்ந்திருக்க வேண்டும். 2019 ஆகஸ்டில் அதே பிளிசார்ட், தானாகக் குழு சேர்க்கும் வசதி இல்லாத பழைய வடிவத்தை ‘கிளாசிக்’ என்ற பெயரில் திரும்ப வெளியிட்டது. முதல் நாளில் சில சர்வர்களுக்குள் நுழையவே மணிக்கணக்கில் வரிசை. 2023இல் இன்னும் ஒரு படி போய், ஒருமுறை செத்தால் அந்தக் கதாபாத்திரத்தால் அங்கே மறுபடி எழ முடியாத தனிச் சர்வர்களையும் திறந்தார்கள்.

மாணவர்களே, அடுத்த கட்டுரைக்கு நீங்கள் விளையாடும் ஒரு விளையாட்டை எடுத்து இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். தோற்றால் எதை இழக்கிறேன்? ஒரு வாரம் எட்டிப் பார்க்காவிட்டால் எதை இழக்கிறேன்? இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலை ஒரு முழுப் பத்தியாக விரித்து எழுதுங்கள்.