மீட்டர் காட்டாத அழுத்தம்

டர்போசார்ஜரின் டர்பைன் சக்கரம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அது நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. சுழற்றுவது எஞ்சின் கழித்துவிடும் புகை. அதே தண்டின் மறுமுனையில் உள்ள கம்ப்ரசர், காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஷி 1905-ல் காப்புரிமை பெற்ற யோசனை இது.

வீணாகும் புகையிலிருந்து சும்மா கிடைக்கும் சக்தி என்று பலரும் இதைச் சொல்வதுண்டு. சும்மா இல்லை. புகை போகும் வழியில் ஒரு சக்கரத்தை வைத்துவிட்டால், அதைத் தாண்டிப் புகையை வெளியே தள்ளும் வேலை பிஸ்டன் தலையில்தான் விழும். இதைத்தான் பின்னழுத்தம் என்கிறார்கள்.

கம்பெனியிலிருந்தே டர்போவோடு வரும் காரில் இதற்குக் கணக்குப் போட்டிருப்பார்கள். பிறகு வாங்கிப் பொருத்தும் கிட்டில்தான் சிக்கல். 1989-ல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 காரையே எடுத்துக்கொள்ளலாம். டர்போ இல்லாத 1.6 லிட்டர் எஞ்சின். அமுக்க விகிதம் 9.4. இதே எஞ்சின் குடும்பத்தில் மாஸ்டாவே டர்போ வைத்தபோது அந்த விகிதத்தைச் சுமார் 8-க்குக் குறைத்தது. கிட் வாங்குபவர்களோ பெரும்பாலும் பிஸ்டனை மாற்றி அந்த விகிதத்தைக் குறைப்பதில்லை. போதாக்குறைக்கு, பானட்டுக்குள் இடமும் குறைவு. அதனால் சின்ன டர்பைன், அதை ஒட்டியே சட்டென்று மடங்கும் குழாய் என்று கிட் குறுகிப்போகிறது. சின்ன டர்பைன் சீக்கிரம் சுழன்று பிக்கப் தரும். வேகம் கூடக்கூடப் புகையின் கழுத்தைப் பிடிக்கும்.

கம்ப்ரசர் தள்ளும் காற்றின் அழுத்தத்தைச் சொல்லும் பூஸ்ட் மீட்டர் டேஷ்போர்டில் 10 பிஎஸ்ஐ காட்டுகிறது. டர்பைனுக்கு முன்னால், புகை வெளியேறும் மேனிஃபோல்டில் 20 பிஎஸ்ஐ நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்வால்வும் வெளிவால்வும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தக் கணத்தில், எரிந்த புகை சிலிண்டருக்கே திரும்பிவிடும். புதிதாக வரும் காற்றும் பெட்ரோலும் அதனால் சூடேறி, கலவை தானாகவே வெடிக்கும் நாக்கிங் தொடங்கும். அதைத் தடுக்க இக்னிஷன் டைமிங்கைப் பின்தள்ளினால் புகையின் சூடு இன்னும் ஏறும். மேனிஃபோல்டு சிவந்து பழுக்கும், விரிசல் விடும், ஸ்டட் தளரும். பூஸ்ட் மீட்டரோ அதே 10-ல் அமைதியாக நிற்கும்.

அப்படியானால் பின்பக்கக் குழாயைத் தாராளமாகத் திறந்துவிட்டால் போதுமா? டர்பைனைத் தாண்டியபின் தடை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. ‘எஞ்சினுக்குக் கொஞ்சம் பின்னழுத்தம் வேண்டும்’ என்ற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை. ஆனாலும் மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரர்கள் 1990-களில் ஒரு கசப்பான பாடம் கற்றார்கள். பலர் கேட்டலிடிக் கன்வர்ட்டர்களைக் கழற்றி அகலமான குழாய் போட்டார்கள். கார் பறந்தது. ஆனால் மிச்சப் புகையை டர்பைனைத் தொடாமல் திருப்பிவிடும் வேஸ்ட்கேட்டின் வாய் பழைய, நெருக்கமான குழாய்க்காக அளவெடுத்தது. அவ்வளவு புகையை அதனால் திருப்ப முடியவில்லை. சுமார் 10 பிஎஸ்ஐயில் நிற்கவேண்டிய பூஸ்ட் தானாக ஏறியது, பெட்ரோல் ஈடுகொடுக்கவில்லை. அந்தக் காரின் எஞ்சினில் பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழலும் ரோட்டரின் நுனியில் இருக்கும் ஏபெக்ஸ் சீல் உடைந்தது. அதோடு எஞ்சினும் போயிற்று.

ஆகவே கிட் வாங்குவோர் எத்தனை குதிரைசக்தி என்று மட்டும் கேட்டால் போதாது. டர்பைனுக்கு முன்னால் அழுத்தம் எவ்வளவு, வேஸ்ட்கேட் வாய் எத்தனை மில்லிமீட்டர் என்றும் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் தாங்களே அளந்துவிடலாம். மேனிஃபோல்டில் ஒரு சிறு துளை, சூடு ஆற சுருளாகச் சுற்றிய மெல்லிய செம்புக் குழாய், முனையில் சாதாரண பிரஷர் கேஜ். அதில் வரும் அளவு பூஸ்டைப்போல இருமடங்கைத் தாண்டினால், பூஸ்டை ஏற்றாதீர்கள். பெரிய டர்பைன் ஹவுசிங்குக்கு மாறுங்கள்.