பாகத்தை மாற்றும் முன் பழுதைக் கண்டறியுங்கள்

எமது நாட்டில் வாகனம் வைத்திருப்போரில் பலர் பாவித்த வாகனத்தையே வைத்திருக்கிறார்கள். 2020 மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருடங்களில் நாட்டில் இருந்த வாகனங்களே கை மாறிக் கை மாறி ஓடின. பதினைந்து, இருபது வருடங்கள் பழைமையான கொரோல்லாவும் சனியும் டவுன் ஏஸும் இன்றும் சரக்கு ஏற்றுகின்றன, பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கொண்டு செல்கின்றன. பழைய வாகனம் என்றால் பழுது வரத்தான் செய்யும். ஆனால் எம்மவர்கள் பலரின் பணம் போவது பழுதினால் அல்ல. பழுது எதுவென்று தெரியாமல் பாகங்களை மாற்றுவதினால்தான்.

நான் மெக்கானிக் அல்ல, துணி வியாபாரி. புறக்கோட்டையில் சரக்கு எடுத்துக் கடுகண்ணாவை ஏற்றம் ஏறி ஊருக்கு வருவது முப்பது வருடப் பழக்கம். அந்தக் காலத்தில் கராஜ்களில் நான் உட்கார்ந்திருந்த மணித்தியாலங்களுக்குக் கணக்கில்லை. அங்கு கண்டும் கேட்டும் அறிந்தவற்றை, வாகனத்தை நம்பித் தொழில் செய்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

கடையில் மாலைக் கணக்கில் 5000 ரூபா குறைந்தால் உடனே காசாளரை வேலையிலிருந்து நிறுத்துவோமா? முதலில் பில் புத்தகத்தைப் பார்ப்போம், மீண்டும் ஒருமுறை எண்ணுவோம், யாருக்காவது கடன் கொடுத்தோமா என்று கேட்போம். வாகன விடயத்திலும் இதே ஒழுங்குதான். செலவில்லாத சோதனை முதலில், செலவுள்ள சோதனை அடுத்தது, பாகம் வாங்குவது கடைசியில்.

கராஜுக்குப் போகும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை தேடி வையுங்கள். பழுது எப்போது வருகிறது, காலைக் குளிரிலா, சூடேறிய பின்னரா? எந்த ஓட்டத்தில் வருகிறது, நிற்கும்போதா, ஏற்றத்திலா, வேகத்திலா, பிரேக் பிடிக்கும்போதா? பழுது வருவதற்குச் சற்று முன்னர் வாகனத்தில் என்ன வேலை செய்யப்பட்டது? இந்த மூன்றுக்கும் விடை இருந்தால் நல்ல மெக்கானிக்குக் பாதி வேலை முடிந்துவிடும்.

ஸ்டார்ட் ஆகாத வாகனம்

சாவியைத் திருப்பினால் வாகனம் ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் பெட்டரி கடைக்கு ஓடுகிறோம். முதலில் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பிப் பாருங்கள். வெளிச்சம் மங்கி, 'டிக் டிக்' என்று வேகமாகச் சத்தம் வந்தால் பெட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது அதன் டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. டெர்மினலில் வெள்ளை அல்லது பச்சை நிறத்தில் தூள் படிந்திருந்தால் மின்சாரம் சரியாகப் போகாது. முதலில் மறை முனையையும் பின்னர் நேர் முனையையும் கழற்றி, அப்பச்சோடா கரைத்த சுடுநீரால் கழுவி, கம்பித் தூரிகையால் தேய்த்து இறுக்கினால் பல நேரம் அத்தோடு வேலை முடிந்துவிடும்.

வெளிச்சம் மங்காமல் அப்படியே இருந்து, எஞ்சினும் சுற்றாவிட்டால் ஸ்டார்ட்டர் மோட்டரையோ அதன் வயரையோ பார்க்க வேண்டும். ஓட்டோ கியர் வாகனமானால் கியரை 'என்' நிலைக்கு மாற்றி முயற்சித்துப் பாருங்கள். எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பற்றவில்லை என்றால் பெட்டரியில் குறையில்லை. பெட்ரோல் வரவில்லை, அல்லது பிளக்கில் பொறி இல்லை. பல பெட்ரோல் கார்களில் சாவியை 'ஓன்' செய்ததும் பின் சீட் பக்கம் பம்ப் இரண்டு விநாடி இரையும். அந்தச் சத்தம் இல்லையென்றால் பம்பை வாங்கும் முன் அதன் பியூஸையும் ரிலேயையும் பாருங்கள்.

சிறிய மீட்டர் ஒன்று வைத்திருப்பது நல்லது. இரவு முழுவதும் நின்ற வாகனத்தின் பெட்டரி 12.6 வோல்ட் காட்டினால் அது நிறைந்திருக்கிறது. 12.2 காட்டினால் ஏறத்தாழ பாதிதான். எஞ்சின் ஓடும்போது சாதாரணமாக 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். ஓடும்போதும் 12 அளவில் நின்றால் சார்ஜ் ஏறவில்லை. அந்த வாகனத்துக்குப் புதிய பெட்டரி போட்டாலும் விரைவில் அதுவும் இறங்கிவிடும். பெட்டரி மேல் பழி சுமத்தும் முன் ஒல்டர்நேட்டரையும் அதன் பெல்ட்டையும் பார்க்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

சூடேறும் வாகனம்

இதில்தான் பெருந்தொகை இழக்கப்படுகிறது. எங்கள் கடைத் தெருவில் ஒருவரின் வேன் கொழும்பு நெரிசலில் கொதித்தது. ஒரு கராஜில் எஞ்சின் ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்றார்கள். அவர் இன்னொரு மெக்கானிக்கிடம் போய் இப்படிச் சொன்னார்: "பாஸ், டவுன்ல நிண்டு நிண்டு போற நேரம் மட்டும்தான் ஹீட் ஏறுது. நல்லா ஓடுற நேரம் எறங்குது." அந்த மெக்கானிக் ஏசியைப் போட்டுவிட்டு ரேடியேட்டர் பேனைப் பார்த்தார். பேன் சுற்றவில்லை. பழுதாகியிருந்தது ஒரு ரிலே மட்டுமே.

காரணம் எளியது. வாகனம் வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நிற்கும்போது பேன்தான் அந்த வேலையைச் செய்கிறது. ஆகவே நெரிசலில் மட்டும் சூடேறினால் பேன் பக்கம் பாருங்கள். கடுகண்ணாவை போன்ற ஏற்றத்திலோ வேகத்திலோ சூடேறினால் ரேடியேட்டர் அடைபட்டிருக்கலாம், வோட்டர் பம்ப் பலவீனமாக இருக்கலாம், தெர்மோஸ்டாட் முழுமையாகத் திறக்காமல் இருக்கலாம். ரேடியேட்டர் மூடியையும் மறக்க வேண்டாம். உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்து, நீர் 100 பாகையில் கொதிக்காமல் காப்பது அந்த மூடிதான். அதன் ரப்பர் தேய்ந்தால் மற்றவை நன்றாக இருந்தும் நீர் கொதித்து வெளியே வரும். ஆனால் எஞ்சின் சூடாக இருக்கும்போது எந்தக் காரணத்துக்காகவும் மூடியைத் திறக்காதீர்கள். முகமும் கையும் வெந்துவிடும்.

"தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசினால் சூடேறாது" என்ற ஆலோசனை எங்கும் கிடைக்கும். அது மருந்தல்ல. எஞ்சின் உரிய சூட்டுக்கு வர நேரமெடுக்கும், பெட்ரோல் கூடுதலாகப் போகும், தேய்மானமும் கூடும். அதேபோல் கிணற்று நீரை ஊற்றுவதையும் நிறுத்த வேண்டும். யாழ்ப்பாணம், அனுராதபுரம் போன்ற கடின நீருள்ள பிரதேசங்களில் அந்த நீர் ரேடியேட்டருக்குள் சுண்ணாம்பாகப் படியும். உரிய கூலன்ட்டின் விலை புதிய ரேடியேட்டரின் விலையை விடக் குறைவு.

வெளியில் கசிவே இல்லாமல் கூலன்ட் குறைந்துகொண்டே போவது, சைலன்சரில் அடர்ந்த வெள்ளைப் புகை தொடர்ந்து வருவது, ஒயில் பால் கலந்தது போல் மாறுவது ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஹெட் கேஸ்கட்டில் பலமான சந்தேகம் கொள்ள வேண்டும். நுவரெலியா போன்ற குளிர்ப் பகுதியில் குறுகிய தூரம் மட்டும் ஓடும் வாகனத்தின் ஒயில் மூடியில் வெள்ளைப் படிவு இருப்பது வெறும் ஈரப்பதமாகவும் இருக்கலாம்.

புகையும் மஞ்சள் விளக்கும்

வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் முன் புகைப் பரிசோதனையில் தவறிய பிறகுதான் பலர் புகையைக் கவனிக்கிறார்கள். கறுப்புப் புகை என்றால் எரிபொருள் கூடி, காற்று குறைந்திருக்கிறது. அடைபட்ட எயார் பில்டர்தான் முதல் சந்தேகம். டீசல் வாகனமானால் அடுத்தது இன்ஜெக்டர். நீலப் புகை என்றால் எஞ்சின் ஒயிலை எரிக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சற்று வந்து மறைந்தால் பெரும்பாலும் வால்வு சீல். அக்ஸிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங் பக்கம் பார்க்க வேண்டும். இவ்விரண்டு வேலைகளுக்கும் செலவில் பெரிய வித்தியாசம் உண்டு.

டேஷ்போர்டில் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் போடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் ஸ்கேனர் சொல்வது முறைப்பாட்டை மட்டுமே, குற்றவாளியை அல்ல. உதாரணமாக 'பீ 0171' என்ற இலக்கம் வந்தால் எரிபொருளுக்கு அளவுக்கு மிஞ்சிய காற்று சேர்கிறது என்று பொருள். உடனே ஒக்ஸிஜன் சென்சர் வாங்கச் சொல்வார்கள். காற்றுக் குழாயில் ஒரு வெடிப்போ, அழுக்கேறிய காற்று அளவு சென்சரோ, பலமிழந்த பெட்ரோல் பம்போ இதே இலக்கத்தைக் கொண்டுவரும்.

எஞ்சின் நடுங்கி 'பீ 0302' வந்தால் இரண்டாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை. கொயில் தனித்தனியாக உள்ள எஞ்சினில், இரண்டாம் சிலிண்டரின் கொயிலைக் கழற்றி முதலாம் சிலிண்டருக்கு மாற்றச் சொல்லுங்கள். இலக்கம் 'பீ 0301' ஆக மாறினால் கொயில்தான் பழுது. மாறாமல் இருந்தால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். ஒரு ரூபா செலவில்லாத சோதனை இது.

மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாகக் கராஜ் வரை போகலாம். அது விட்டு விட்டு எரிந்தால் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் விலையுயர்ந்த கெட்டலிட்டிக் கொன்வேட்டரைக் கெடுக்கும். ஓட்டத்தை நிறுத்துவதே இலாபம். சிவப்பு ஒயில் விளக்கு எரிந்தால் அடுத்த சந்தி வரை கூடப் போகாதீர்கள். அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்துங்கள்.

பிரேக்கும் சக்கரமும்

இங்கே பணத்தை விட உயிர் பெரிது. பிரேக் பிடிக்கும்போது கீச்சென்ற சத்தம் வந்தால் பேட் தேய்ந்துவிட்டது என்று அதிலுள்ள சிறு தகடு எச்சரிக்கிறது. உராய்ந்து அறுப்பது போல் சத்தம் மாறினால் பேட் முடிந்து டிஸ்க்கும் தேய்கிறது. பிரேக் பிடிக்கும்போது வாகனம் ஒரு பக்கம் இழுத்தால் ஒரு சக்கரத்தின் பிரேக் இறுகியிருக்கலாம், அல்லது மறுபக்கம் பிடிக்காமல் இருக்கலாம். பிரேக் ஒயில் குறைந்திருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டுப் போவது ஆபத்து. பேட் தேய்ந்ததால் குறைந்ததா, கசிவால் குறைந்ததா என்று தெரிய வேண்டும். பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் வாகனத்தை எடுக்கவே வேண்டாம்.

80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கினால் முதலில் வீல் பெலன்ஸ் பாருங்கள். பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க்கைப் பாருங்கள். முழுதாகத் திருப்பும்போது 'டக் டக்' என்றால் சீவீ ஜொயின்ட். டயரின் நடுப்பகுதி தேய்ந்தால் காற்று அதிகம், இரு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் வீல் எலைன்மன்ட் பிழை. காரணத்தைத் திருத்தாமல் டயரை மாற்றினால் புதிய டயரும் அதே ஓரத்தில் தேயும்.

ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அக்வா, பிரியஸ் போன்றவற்றில் பெரிய பெட்டரியைக் குளிர்விக்கும் காற்றுத் துவாரம் பின் சீட் ஓரத்தில் இருக்கிறது. அதில் தூசி அடைந்தால், அல்லது சரக்குப் பொதி வைத்து மூடினால் பெட்டரி சூடேறி ஆயுள் குறையும். அந்தப் பில்டரைக் காலத்துக்குக் காலம் சுத்தம் செய்விப்பது பெரிய செலவைத் தள்ளிப் போடும். செம்மஞ்சள் நிற வயர்களை மட்டும் நீங்கள் தொடக் கூடாது. அதில் உயிராபத்தான மின்சாரம் ஓடுகிறது.

கராஜில் பேசும் முறை

"இதை மாற்றுங்கள்" என்று நாமே கட்டளையிட்டால், பழுது தீராவிட்டாலும் பொறுப்பு எம்முடையதே. நோயைச் சொல்லுங்கள், மருந்தைச் சொல்லாதீர்கள். எந்தச் சோதனையில் இந்தப் பாகம் பழுதென்று தெரிந்தது என மரியாதையாகக் கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். பஞ்சிகாவத்தையில் பாவித்த பாகம் வாங்குவதானால் பழையதைக் கொண்டு போய் இலக்கத்தை ஒப்பிட்டு, எத்தனை நாளைக்கு மாற்றித் தருவார்கள் என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். ஒரே நேரத்தில் மூன்று பாகங்களை மாற்றவும் வேண்டாம். எது பழுதாக இருந்தது என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, பழுதைத் தேடுவதற்கும் கூலி உண்டு என்பதை நாம் ஏற்றுக்கொள்வது. அரை மணித்தியாலம் சோதித்து, "பாகம் ஒன்றும் வேண்டாம், வயர் கழன்றிருந்தது" என்று உண்மை சொல்லும் மெக்கானிக்குக்கு நாம் நூறு ரூபா கொடுக்கவும் யோசிக்கிறோம். பாகம் விற்றவருக்கோ பல்லாயிரம் கொடுக்கிறோம். அப்படியானால் உண்மை சொல்வதில் அவருக்கு என்ன இலாபம்? கண்டுபிடித்தவரின் உழைப்புக்கு மனம் நிறைந்து கூலி கொடுங்கள். அடுத்த முறையும் அவர் உண்மையைச் சொல்வார். வாகனத்தில் ஒரு சிறிய கொப்பியையும் வைத்து, எந்தத் திகதியில், எத்தனை கிலோமீட்டரில் என்ன வேலை செய்தீர்கள் என்று எழுதி வாருங்கள். பழைய வாகனத்துக்கு அதுதான் நல்ல வைத்தியக் குறிப்பு. விற்கும் நாளில் வாங்குபவருக்குக் காட்டவும் அதைவிட நல்ல சாட்சி வேறில்லை.